ஈர நெல்லில் புதைத்த மடிக்கணினி

மண்டூரிலே வாய்கட்டிச் செய்யும் பூசையை மௌனமாய் ஏற்றருளும் வேலவா, நாவைத் தந்தவன் நீ. தந்ததைத் திருப்பி எடுப்பவனும் நீ. எழுதத் துணியும் இந்தக் கையிலிருந்து மெய்யல்லாத ஒரு சொல்லும் விழாதவாறு காத்தருள்வாய்.

இன்று விசயதசமி, திருவோணமும் கூடி வந்திருக்கிறது. காலையில் நீராடி, பூசையில் வைத்திருந்த எழுதுகோலை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். நல்ல நாளில் தொடங்கும் எழுத்து நல்லதையே சொல்ல வேண்டும் என்பது மரபு. நான் சொல்லப் போவதோ பெரும்பாலும் துயரமானது. ஆயினும் கேட்டவர்கள் நான் வேலை செய்த இடத்துப் பிள்ளைகள், மறுக்க இயலவில்லை.

மட்டக்களப்பு நகரில் காத்தான்குடி ஹனீபா அவர்களின் கணினிக் கடை இருக்கிறது. முன்பகுதி விற்பனைக்கு, பின்பகுதி திருத்தகம். என் உழைப்புக் காலத்தின் பிற்பாதி அந்தப் பின்பகுதியிலேயே கழிந்தது. ஓய்வு பெற்ற பின்னும் அங்குள்ள இளைஞர்கள் என்னை மறக்கவில்லை. சென்ற மாதம் இருவர் வீட்டுக்கு வந்தார்கள்.

“ஐயா, எந்த லெப்டொப் வாங்கலாமெண்டு சனம் எங்களப் போட்டு அரிக்குது. நீங்க ஒரு கட்டுரை எழுதித் தந்தா கடையில மாட்டி வைப்பம்.”

“ஏன், நீங்களே சொல்லலாமே?”

“நாங்க சொன்னா யாபாரத்துக்குச் சொல்லுறமெண்டு நினைக்குதுகள். நீங்க திருநீறு பூசின ஆள். நம்புவாங்க.”

சிரித்துக்கொண்டே இருந்த அவர்களில் ஒருவன், போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னான். “இப்ப வாற மெசினுகளத் திறக்கிறதே குறைவு ஐயா. செத்தா செத்ததுதான். புதுசு வாங்கச் சொல்லி அனுப்பிருவம்.” அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அன்று முழுவதும் வேறு எதிலும் மனம் செல்லவில்லை. திறந்து பார்த்த ஒரு பொறியின் நினைவு திரும்பத் திரும்ப வந்தது. ஆகவே பிள்ளைகள் கேட்டதையும் எழுதுகிறேன், கேளாததையும் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. வானொலிப் பெட்டியில் தொடங்கினேன்; தொலைக்காட்சிக்கு வந்தேன். மின்சாரமே இல்லாத யுத்த காலத்தில் அவ்விரண்டும் பயனற்றுக் கிடக்க, பற்றரிகளுக்கு மின்னேற்றிக் கொடுத்துச் சீவித்தேன். பிறகு மேசைக் கணினி வந்தது. அதன் பின் மடிக்கணினி. ஈயம் உருக்கி ஒட்டும் பற்றாசுக் கோல் பிடிக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் எங்கள் திருத்தகத்தின் தலைவர்.

அந்திராதோ என்பது அவர் பெயர். போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர்; தலைமுறை தலைமுறையாக இரும்பு வேலையும் தச்சு வேலையும் செய்த குடும்பம். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போய்வருவார். என் நெற்றியில் திருநீறு சற்றுக் கலைந்திருந்தால், “என்ன வேலு, இண்டைக்கு உங்கட ஆளோட கோவமா?” என்று கேட்பார். நான், “உங்கட ஆளிட்டச் சொல்லிச் சமாதானம் பண்ணி விடுங்க மாஸ்டர்” என்பேன். எங்களுக்குள் சமய விவாதம் அவ்வளவுதான்.

அவருடைய நடைமுறைகள் கண்டிப்பானவை. கொண்டுவந்தவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பொறியின் பொத்தானை அழுத்த விடமாட்டார். முதலில் பற்றரியின் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். அடுத்து, தட்டையான கண்ணாடிப் பலகையில் பொறியை வைத்து மூலைக்கு மூலை விரலால் அழுத்துவார். ஆடினால், உள்ளே பற்றரி வீங்கி உடலை வளைத்திருக்கிறது என்று பொருள். கழற்றும் திருகாணிகளை, அவை இருந்த ஒழுங்கிலேயே காந்தத் தட்டில் அடுக்க வேண்டும். குட்டைத் திருகாணியின் துளையில் நீண்டதை ஏற்றினால் அது உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையைத் துளைத்துவிடும். துப்புரவாக்குவதற்குத் தூய மதுசாரமும் மென்மையான தூரிகையும் அன்றி வேறொன்றைத் தொட அனுமதியில்லை.

இறுதி விதியை நான் வேறு எந்தத் திருத்தகத்திலும் கண்டதில்லை. பொறி ஏன் கெட்டது என்பதை அதன் உடையவருக்கு, மூடியைத் திறந்து வைத்து, இடத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். உடையவர் இருக்க, அவருக்குப் பதிலாக இன்னொருவரிடம் சொல்லி அனுப்பலாகாது. “சீக்காளிக்குத்தான் சீக்கச் சொல்லணும்” என்பார்.

இனிப் பிள்ளைகள் கேட்ட ஒப்பீட்டுக்கு வருகிறேன். நிறுவனங்களின் பெயர்களை எழுதப் போவதில்லை. எழுதினால் ஒருவருக்கு விளம்பரமாகும், மற்றவருக்கு வசையாகும். எங்கள் திருத்தகத்தில் வழங்கிய பட்டப்பெயர்களே போதும். மேசைக்கு வந்த மடிக்கணினிகள் எல்லாம் மூன்று குடும்பங்களாகப் பிரிந்து நின்றன.

முதற் குடும்பத்துக்குக் கறுப்பன் என்று பெயர். வெளிநாட்டு அலுவலகங்களில் உழைத்துக் களைத்து, இரண்டாம் கையாக இங்கு வந்து சேர்பவன் இவனே. தடித்த உடல், மங்கலான திரை, தூக்கிச் சுமந்தால் தோள் வலிக்கும். ஆனால் திரையைத் தாங்கும் பிணைச்சல் உலோகத்தாலானது. விசைப்பலகையின் அடியில் வடிகால் உண்டு. தேநீரைக் கவிழ்த்தால் அது பலகையைத் தொடாமல் கீழே வழிந்துவிடும். ஒரு கொளுவியை இழுத்தால் பற்றரி கையோடு வெளியே வரும். ஒரு திருகாணியைக் கழற்றினால், எழுதியதும் பாடியதும் படம் பிடித்ததும் அடங்கிய சேமிப்புத் தட்டு தனியே வரும். உடல் செத்தாலும் அந்தத் தட்டை இன்னோர் உடலில் பொருத்தலாம்.

இரண்டாம் குடும்பம் வெள்ளி. மெல்லியது, இலேசானது; திரை தெளிந்த நீர் போலிருக்கும். ஒருமுறை மின்னேற்றினால் நெடுநேரம் தாங்கும். விசிறியின் ஓசை கேட்காது. கையில் எடுத்தவர் கீழே வைக்க விரும்பமாட்டார். அதன் குறை உள்ளே இருக்கிறது. பற்றரி பசையால் ஒட்டப்பட்டது. நினைவகமும் சேமிப்புச் சில்லும் பலகையோடு பற்றாசினால் பிணைக்கப்பட்டவை. ஒரு விசை உடைந்தாலும் மேலுடல் முழுவதையும் மாற்ற வேண்டும். வாவிக் காற்றின் உப்பும் அந்த அலுமினிய உடலும் சேர்ந்தால் பிணைச்சல் ஓரத்தில் வெண்பொடி பூத்துவிடும்.

மூன்றாவதற்கு ஹனீபா இட்ட பெயர் கலியாணவீடு. விசைகளின் அடியில் சிவப்பும் பச்சையுமாக விளக்கெரியும். விழாப் படங்களை வெட்டி ஒட்டும் இளைஞர்களுக்கு விருப்பமானது. வேகத்தில் மற்ற இரண்டும் அதனருகே நிற்கமாட்டா. உறுப்புகளை மாற்றவும் முடியும். ஆனால் பிணைச்சல்கள் பிளாஸ்டிக் முளைகளில் பொருத்தப்பட்டவை. திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கும் பழக்கமுள்ளவரிடம் அது வெகுநாள் தாங்காது. முளை பெயர்ந்து, உடல் வாய் பிளக்கும்.

ஹனீபாவுக்கும் மாஸ்டருக்கும் இதுபற்றி ஓயாத வாக்குவாதம்.

“மாஸ்டர், ஒங்கட கறுப்பனக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சா, மௌத்து ஊட்டுக்கு வந்த மாதிரி ஆக்கள் பாத்திட்டுப் போறாங்க. வெள்ளிய வெச்சாத்தான் மாப்பிள்ளயப் பாக்கிற மாதிரிப் பாக்காங்க.”

“மாப்பிள்ள செத்தா என்ன செய்யிற ஹனீபா?”

“ஏன் மாஸ்டர் கலியாணத்தண்டே மௌத்தப் பேசுறீங்க?”

“நான் இருக்கிறதே அந்த அறையிலதானே.”

அதுதான் உண்மை. ஒரு பொறி எப்படி வாழும் என்பதை விற்பவர் சொல்வார்; அது எப்படிச் சாகும் என்பது பின்னறையில் இருப்பவனுக்கே தெரியும். பெறுமதி என்று நான் கருதுவது இவ்விரண்டையும் சேர்த்து எடைபோட்ட பின் எஞ்சுவதையே. வாங்குமுன் பொறியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். சேமிப்புத் தட்டு தனியே கழலுமா என்று கேளுங்கள். கழலாது என்றால் வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதில் வைப்பதை இன்னோரிடத்திலும் வையுங்கள் என்றே சொல்வேன். ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது இனி விளங்கும்.

ஒரு தை மாதம் வாவி நிரம்பி, அதன் மேற்கே வயல்கள் கிடக்கும் படுவான்கரைக்குள் ஏறியது. வெள்ளம் வடிந்து பாதை திறந்த பின், ஈரப்பட்ட பொறிகள் எங்கள் கடைக்கு வந்தவண்ணமிருந்தன. அவ்வாறு வந்தவர்களில் ஒரு தகப்பனும் மகளும் இருந்தார்கள். மகள் நேராக மேசைக்கு வந்தாள். தகப்பன் வாசலோர வாங்கில், எங்களுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி அமர்ந்துவிட்டார்.

“பேர் என்ன எழுதுறது?” என்று கேட்டேன்.

“என்ர பேர் வதனி. அப்பாட பேர எழுதுங்க. சாமித்தம்பி. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால.”

பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அந்தப் பெயருடையவரின் முகத்தை நான் அறியேன், குரலை அறிவேன். கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்தில், தேருக்குப் பின்னே பதிகம் பாடிச் செல்லும் கூட்டத்தில் அந்தக் குரல் தனித்துக் கேட்கும். தாழ்ந்த சுருதியிலேயே நடந்து சென்று, இறைவன் திருநாமம் வரும் இடத்தில் மட்டும் மேலெழும்; எழுந்த வேகத்தில் தணிந்துவிடும். புலவர்கள் நெஞ்சுருகி எழுதிய சொற்களை வாழ்நாள் முழுவதும் ஓதி வந்திருக்கிறேன். அவற்றைப் பாடும் முறை இதுவே என்று எனக்கு உணர்த்திய குரல் அது. எழுந்து சென்று அவர்முன் கைகூப்பினேன்.

“தேருக்குப் பின்னால பாடுறது நீங்கதானே ஐயா?”

அவர் என்னைப் பார்த்தார். வாய் சற்றுத் திறந்து மூடியது. பின்னாலிருந்து மகள்தான் சொன்னாள்.

“அப்பாவால கதைக்க ஏலா ஐயா. வெத்திலையும் புகையிலையும். நாக்கில புத்துநோய். பெரியாஸ்பத்திரியில நாக்க எடுத்திட்டாங்க.”

மேசைக்குத் திரும்பி வந்தேன். வதனி மெல்லிய குரலில், தகப்பனுக்குக் கேட்காதவாறு, நடந்ததைச் சொன்னாள்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த பின், கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பிய மடிக்கணினியைத் தகப்பன்முன் வைத்து, அவர் குரலை மாலைதோறும் பதிவு செய்திருக்கிறாள். தெரிந்த பதிகங்கள் அனைத்தையும் பாடினார். பாடி முடிந்ததும் வீட்டிலுள்ளோரின் பெயர்களை ஒவ்வொன்றாக, வழக்கமாகக் கூப்பிடும் முறையிலேயே கூப்பிட்டார். மகளின் பெயரை மட்டும் பல விதமாக: வயலிலிருந்து அழைப்பதுபோல், சாப்பிடக் கூப்பிடுவதுபோல், கோபத்தில் அதட்டுவதுபோல். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. அண்ணனுக்கு அனுப்ப முயன்றாள். அந்த ஊரின் அலைவரிசை அவ்வளவு பாரத்தைச் சுமக்கவில்லை. நகரத்துக்கு வந்து பிரதி எடுக்கலாம் என்றிருந்தாள். ஆஸ்பத்திரி அலைச்சலில் அது தள்ளிப் போயிற்று, வெள்ளம் முந்திக்கொண்டது.

நீர் ஏறிய காலையில் மடிக்கணினியை அலுமாரியின் மேல் வைக்கும்படி தகப்பன் கையால் காட்டியிருக்கிறார். நடக்க இயலாத தாயைத் தூக்கி உழவு இயந்திரத்தில் ஏற்றும் அவசரத்தில் வதனி அதைக் கட்டிலிலேயே விட்டுவிட்டாள். தாயோடு அவள் பாடசாலை முகாமுக்குப் போனாள். நெல்லைக் காக்கத் தகப்பன் பின்தங்கினார். கட்டில்வரை ஏறி நின்ற நீரில் அவரே பொறியைக் கண்டெடுத்தார். நனைந்த கைபேசியை அரிசிக்குள் புதைத்து வைப்பது எங்கும் உள்ள வழக்கம். அவர் வேளாண்மைக்காரர். அரிசியே ஈரத்தை உறிஞ்சுமென்றால் நெல் இன்னும் நன்றாக உறிஞ்சும் என்று நினைத்தார். வெள்ளத்துக்கு அஞ்சி அவசரமாக அறுத்து மேட்டில் ஏற்றியிருந்த புது நெல்லின் சாக்கு ஒன்றை அவிழ்த்து, பொறியை நடுவில் புதைத்து, வாயைக் கட்டினார். முகாமிலிருந்து மகள் திரும்பும்வரை அது அங்கேயே கிடந்தது.

கேட்டுக்கொண்டிருந்த ஹனீபா, வாங்கிலிருந்த முதுகைப் பார்த்துவிட்டு, “வாப்பாவோட சண்டையா புள்ள?” என்றார்.

“சண்ட பிடிக்க வாய் வேணுமே காக்கா. கையாலதான் கதைக்கிறவர். அந்தக் கையையும் கட்டிட்டிருக்கார். என்னால போச்சுதெண்டு.”

பொறியை மாஸ்டர் கையில் வாங்கினார். வெள்ளி. கண்ணாடிப் பலகையில் வைத்தபோது ஆடவில்லை. அடியிலிருந்த இறப்பர்க் கால்களைப் பெயர்த்து, மறைந்திருந்த திருகாணிகளைக் கழற்றி, மூடியை எடுத்தோம்.

உள்ளே இரண்டு வகையான சேதம் இருந்தது. அவற்றைப் பிரித்தறிய மாஸ்டர் எனக்கு அவகாசம் தந்தார். வெள்ளம் தொட்ட இடத்தில் செம்மண் படிந்து கோடு விழும். அந்தக் கோடு முன் விளிம்பின் ஒரு மூலையைச் சுற்றி, பற்றரியின் ஓரத்தோடு நின்றிருந்தது. பின்புறமிருந்த தாய்ப்பலகையில் ஒரு துணிக்கை மண்ணும் இல்லை. ஆனால் பலகை முழுவதும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உமித்தூசி ஈரமாக ஒட்டியிருந்தது. காயாத புது நெல் சாக்கில் கிடந்தால் சூடேறி வேர்க்கும், ஆவி விடும். பற்றரியைப் பிரிக்க வழியில்லாத உடலில் மின்சாரம் நின்றபடியே இருக்க, அந்த ஆவி சில்லுகளின் செப்புக் கால்களை அரித்துத் தின்றிருந்தது.

விசிறியைக் கழற்றியபோது மாஸ்டரின் கை நின்றது. வெப்பம் வெளியேறும் வாய் வழியாக ஒரு நெல்மணி உள்ளே போயிருந்தது. அது முளைத்திருந்தது. வெண்ணிற வேரொன்று விசிறியின் இதழைச் சுற்றி வளர்ந்து வாடியிருந்தது. அவர் சிறு இடுக்கியான சாவணத்தால் அதை எடுத்து, சிறு வெள்ளைத் தட்டில் வைத்தார்.

வதனியைப் பிறகு வரச்சொல்லிவிட்டு வேலையில் இறங்கினோம். களிம்பை நுண்காட்டியின் கீழ் கழுவினோம். அறுந்த பாதைகளுக்கு மயிரிழை போன்ற கம்பி வைத்துத் தொடுத்தோம். கறுப்பனாக இருந்திருந்தால் ஒரு திருகாணியோடு முடிந்திருக்கும் காரியம். இங்கே சேமிப்புச் சில்லைச் சூடாக்கிப் பலகையிலிருந்து பெயர்க்க வேண்டியிருந்தது. பெயர்த்தோம், இன்னோர் ஏற்பாட்டில் வைத்துப் படித்தோம். வந்தவை வெறும் குறிகள். இவ்வகைப் பொறிகளில் சில்லிலுள்ளது யாவும் பூட்டப்பட்டிருக்கும். அதன் திறவு அதே பலகையின் வேறொரு சில்லில் இருக்கும். அந்தச் சில்லு முற்றாக அரிபட்டிருந்தது. மாஸ்டர் அதைத் தூரிகையால் தொட்டதும் அது பொருக்காக உதிர்ந்தது. அந்தக் குரலை எவ்வளவோ பேர் தேருக்குப் பின்னே நடந்து கேட்டிருப்பார்கள். காற்று அதை எங்கும் வைத்திருக்கவில்லை. நான் வாய்க்குள் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“வேலு, விளக்க அணையுங்க” என்றார் மாஸ்டர்.

தகப்பனும் மகளும் மீண்டும் வந்தார்கள். அவர் அதே வாங்கில், அதே விதமாக அமர்ந்தார். வதனி மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் அறிந்துகொண்டாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாமே போயிற்றா?”

“ஓம் புள்ள. எல்லாம்.”

“தண்ணியாலதானே?”

மாஸ்டர் மூடியைத் திறந்து செம்மண் கோட்டைக் காட்டினார். களிம்பைக் காட்டினார். தட்டிலிருந்த நெல்மணியைக் காட்டினார். அவள் வேளாண்மைக்காரரின் மகள், விளக்கம் தேவைப்படவில்லை. தலையைத் திருப்பி ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தினாள்.

“மாஸ்டர், அப்பாட்ட வெள்ளமெண்டே சொல்லுங்க.”

“வெள்ளம் தொட்டது இந்த மூலைய மட்டும்.”

“தெரியும். நான் கேக்கிறது பொய்தான். சொல்லுங்க.”

“அப்ப அந்தப் பிழை உங்கட தலையில நிக்குமே.”

“நிக்கட்டும். என்னோட கோவமெண்டாலும் கோவத்தோட எழும்பி, கோவத்தோட கஞ்சி குடிக்கிறார். தன்ர கையாலதான் போச்சுதெண்டு தெரிஞ்சா மனிசன் படுத்திருவார். மறுகா எழும்பமாட்டார்.”

ஹனீபா முன்னிருந்து வந்து நின்றார். “மாஸ்டர், இந்த ஒரு தடவ அந்தப் புள்ள கேக்கிற மாதிரிச் சொல்லுங்க. ஆண்டவன் மன்னிப்பான்.” நானும் அதையே சொன்னேன். மெய் பேச வேண்டும் என்று நாள்தோறும் ஓதுகிறவன், அன்று பொய்க்காகப் பரிந்து நின்றேன். இன்றும் அதற்காக வெட்கப்படவில்லை.

மாஸ்டர் எங்கள் மூவரையும் பார்த்தார்.

“நான் பொய் சொல்லாத ஆளில்ல புள்ள. ஆனா இது அவருக்குச் சொல்லுற பொய். விழுகிறது உங்களுக்கு மேல. உங்களுக்கும் வேற அப்பா இல்ல.”

அவர் பொறியை ஒரு கையிலும் வெள்ளைத் தட்டை மறு கையிலும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வதனி அவர் சட்டையைப் பிடிக்க நீட்டிய கை எட்டவில்லை. மாஸ்டர் வாங்கில் சாமித்தம்பியின் பக்கத்தில் அமர்ந்து, பொறியை இருவருக்கும் இடையில் வைத்தார். செம்மண் கோட்டின்மேல் விரலை ஓட்டினார்.

“ஐயா, வெள்ளம் இவ்வளவுதான் வந்திருக்கு.”

பிறகு தட்டை நீட்டினார்.

சாமித்தம்பி முளைத்த மணியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து, பெருவிரலால் வேரை நீவிப் பார்த்தார். எத்தனையோ போகம் விதைத்த கை. நெல் எப்போது முளைக்கும், அதற்கு எவ்வளவு ஈரமும் எவ்வளவு சூடும் வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் தோள்கள் மெல்லத் தாழ்ந்தன. தொண்டையிலிருந்து ஓர் ஒலி வந்தது. அந்தத் தொண்டையைத் தேருக்குப் பின்னே கேட்டிருந்த எனக்கு, அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. ஆயினும் நின்றேன்.

நெடுநேரம் கழித்து அவர் எங்கள் பக்கம் திரும்பினார். மகளைப் பார்த்து, தன் காதுச் சோணையை இரண்டு விரலால் தொட்டார். மீண்டும் தொட்டார். வதனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன கேக்கிறார் புள்ள?” என்றார் ஹனீபா.

“ஒண்டும் கேக்கல்ல காக்கா. என்னக் கூப்பிடுறார். தோடு எண்டா நான்.”

அவள் போய் அவர் அருகில் நின்றாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போகும்போது அவள் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நன்றி இருக்கவில்லை. பொறியை எங்களிடமே விட்டுப் போனார்கள்.

பங்குனியில் சாமித்தம்பி காலமானார் என்று கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆள் ஒருவர் மூலம் கேள்விப்பட்டோம். அன்று மாஸ்டர் வேலை செய்யவில்லை. கருவிகளைத் துடைத்து அடுக்கினார். பிறகு மீண்டும் துடைத்தார். எங்கள் மனத்தில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

மழை ஓய்ந்து வெயில் ஏறிய காலத்தில் வதனி தனியே வந்தாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்த வெள்ளிகளைப் பார்க்காமல் பின்னறைக்கே வந்துவிட்டாள்.

“கறுப்பன் ஒண்டு வேணும் மாஸ்டர்.”

மாஸ்டர் நல்ல நிலையிலிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து வைத்தார். வேகம், திரை, பற்றரி எதைப் பற்றியும் அவள் கேட்கவில்லை.

“தட்டக் கழட்டிக் காட்டுங்க.”

கவிழ்த்து, திருகாணியைக் கழற்றி, சேமிப்புத் தட்டை எடுத்துக் காட்டினார், திரும்பப் பொருத்தினார்.

“இப்ப நான்.”

திருப்புளியை வாங்கி அவளே கழற்றினாள், பொருத்தினாள், மீண்டும் கழற்றினாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிமிராமலே பேசினாள்.

“அண்டைக்கு நீங்க சொல்லாம விட்டிருந்தா அப்பா இன்னுங் கொஞ்ச நாள் இருந்திருப்பார். நான் சொன்ன மாதிரித்தான் நடந்த. வீட்ட போய்ப் படுத்தவர்தான். கஞ்சி வேணாமெண்டிட்டார்.”

மாஸ்டர் தலைகுனிந்து நின்றார்.

“படுத்த நாளெல்லாம் என்னோடதான் கதைச்சவர். விடிஞ்சா பொழுதுபடும் மட்டும் கை ஓயல்ல. சின்னனில நான் செய்த குறும்பு, அம்மாவப் பொண்ணு பாக்கப் போன கத, எல்லாம். நாக்கு இருக்கக்குள்ளயும் இவ்வளவு கதைச்சதில்ல.”

தட்டை அதன் இடத்தில் தள்ளி, திருகாணியை இறுக்கினாள்.

“ரெண்டும் உங்களாலதான் மாஸ்டர். எத முதல்ல சொல்லுறதெண்டு தெரியாமத்தான் இவ்வளவு நாளும் வராம இருந்தன்.”

மாஸ்டர் பொறியைத் துணியால் துடைத்து அவள் பையில் வைத்துக் கொடுத்தார். இப்போது அவரும் இல்லை.

இதை வாசிக்கும் அனைவரும் நலம் பெறுக. நீங்கள் நேசிப்போரின் குரல் உங்கள் செவியில் நெடுநாள் ஒலிப்பதாக. அது ஒலிக்காத காலம் வருமாயின், அவர்களின் கையேனும் உங்களை நோக்கி அசைவதாக. யார்மீதும் கோபத்தோடு முதுகு காட்டி அமரும் நாள் உங்களில் எவருக்கும் நீளாதிருக்க வேலவன் அருள்வானாக.